பட்டாணிக்கு ஏழாம் வாய்ப்பாடு

வாயாடிக்கு அன்று பேச்சே வரவில்லை. அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததா என்ன? மூச்சு விடாமல் பேசுகிறவள்! இன்றோ அம்மாவின் கையைப் பிடித்தபடி, நாய்களுக்கான ஆஸ்பத்திரியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, மேசைமேல் அவளுடைய நாய்க்குட்டி பட்டாணி. பிறக்கும்போதே அவன் இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டான்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வெளியே வந்தார்.

"ரொம்ப நடுங்குறான். இப்படிப் பயந்தா மருந்து கூடுதலா கொடுக்கணும். அவன் இதயம் தாங்காது."

"நான் வரட்டுமா?" என்றாள் வாயாடி.

"நீ அழுதா இன்னும் பயப்படுவானே?"

அவள் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "அழ மாட்டேன். அவனைத் தூங்க வைக்க எனக்கு வழி தெரியும்."

வழி வேறொன்றுமில்லை, ஏழாம் வாய்ப்பாடுதான்! அவள் படிக்க ஆரம்பித்தாலே பட்டாணி மடியில் குறட்டை விடுவான். "பாவம், எழுப்பக் கூடாது" என்று இவளும் புத்தகத்தை மூடிவிடுவாள். பாதிக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை.

"நல்ல சாக்கு கெடச்சுது உனக்கு!" என்பாள் அம்மா.

டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போனார். வாயாடி பட்டாணியின் காதருகே குனிந்தாள்.

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

நடுக்கம் குறைந்தது. டாக்டர் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார்.

"ஐயேழு முப்பத்தஞ்சு..."

பட்டாணியின் கண்கள் சொருகின.

"போதும்மா. கொஞ்ச மருந்துலயே தூங்கிட்டான்" என்றார் டாக்டர்.

வாயாடி வெளியே வந்து அம்மாவோடு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவோ பாத்தோம்மா. நடுவுல இதயம் நின்னுடுச்சு."

வாயாடி ஓவென்று அழுதாள். "நான்தானே அவனைத் தூங்க வச்சேன்?"

டாக்டர் அவள் முன்னால் மண்டியிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"உன்னால இல்லடா கண்ணு. அவன் இதயத்துக்குத் தெம்பு இல்ல. நீ வந்தப்புறம் அவன் பயப்படவே இல்ல. உன் குரலைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினான்."

பட்டாணியைத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்தார்கள். அவன் காதை அவள் மெல்லத் தடவினாள்.

"அம்மா, வாய்ப்பாடு பாதியிலயே நிக்குது."

"சொல்லு கண்ணு" என்றாள் அம்மா.

"ஆறேழு நாப்பத்திரண்டு... ஏழேழு..."

இன்று அவள் சாக்குச் சொல்லவில்லை. பத்தேழு எழுபது வரை, ஒரு தப்பும் இல்லாமல், பட்டாணிக்குச் சொல்லி முடித்தாள்.