இரவல் முகவரி

"இன்னொரு தடவை அழுத்துக்கா!" என்று பின்னாலிருந்து கத்தினான் டில்லிபாபு.

"அழுத்தினா வண்டி பூட்டிக்கும்டா. வாயை மூடிக்கினு உன் பொண்டாட்டி கையைப் புடி!"

பிலோமினா ஆம்புலன்ஸைப் பின்னுக்கு எடுத்து, சாலையோரப் புங்கமர நிழலில் நிறுத்தினாள். நடுப்பகல் வெயிலில் முதல் வட்ட மருத்துவமனையின் கதவு கண்ணைக் கூசவைத்தது. வண்டியின் முன்திரையில் இரண்டு வரிகள். மேலே இருந்தது பழகிய வரி: 'இடமில்லை. வருந்துகிறோம்.' கீழே இருந்தது இன்றைக்குப் புதிதாக வந்தது, அதுவும் சிவப்பில்: 'மறைவழி கண்டறியப்பட்டது. இது எச்சரிக்கை. மறுமுறை வாகனம் முடக்கப்படும்.'

பின்னால் கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஒன்பதாம் வட்டத்து மகப்பேறு நிலையத்தில் அறுவை அரங்கு கிடையாது. "ஒரு மணி நேரத்துக்குள்ள வயித்தைக் கிழிச்சு எடுக்கணும்மா. இல்லேன்னா ரெண்டு உசுரும் தங்காது" என்று அங்கிருந்த டாக்டரம்மா பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, சாலையிலேயே கரைந்துவிட்டது.

பிலோமினா இதே கதவின் முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறாள். 'இடமில்லை' என்று வந்ததும் வண்டியைத் திருப்பியிருக்கிறாள். ஒன்பதாம் வட்டத்துக்காரர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. மருத்துவமனையில் இடமில்லை, கல்லூரியில் இடமில்லை, விரைவு ரயிலில் இடமில்லை. ஊரில் ஜனம் பெருத்துவிட்டது, யாரைக் குறை சொல்வது என்று போய்விடுவார்கள்.

போன வாரம்தான் அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. இதே கதவு. பக்கத்தில் முதல் வட்டத்து ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. அவள் திரையில் 'இடமில்லை' என்று ஒளிர்ந்த அதே நொடியில், அந்த வண்டியின் திரையில் 'நல்வரவு, பதினொரு அரங்குகள் தயார்' என்று வந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அன்று அவள் வண்டிக்குள் இருந்த பெரியவர் திரும்பும் வழியிலேயே கண்ணை மூடினார்.

பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்த வட்டச் சட்டம் செய்த வேலை இதுதான். இணைய வலை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் எந்த வீட்டு முகவரியிலிருந்து நீ வலைக்குள் வருகிறாயோ, அந்த வீட்டுக்கு எது உரியதோ அது மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் இல்லை என்று காட்டப்படும். பொய் என்று தெரியாத பொய்.

அன்று இரவே ஸ்டாண்டில் யாரோ காதைக் கடித்தார்கள். ஊர்ப்பாதை என்று ஒரு விபிஎன் இருக்கிறதாம். உன் முகவரியை மறைத்து வேறு வழியாக அழைத்துப் போகுமாம். காசே வேண்டாமாம். பிலோமினா அந்தச் செயலியை வண்டிக் கணினியில் இறக்கி வைத்திருந்தாள். இன்று அவசரத்தில் அதைத் திறந்து, பட்டியலில் பச்சையாக இருந்த முதல் சர்வரைத் தட்டினாள். கதவு மோப்பம் பிடித்துவிட்டது.

வேறு வழியில்லாமல் செயலியின் மூலையில் இருந்த 'வழிகாட்டி' பொத்தானை அழுத்தினாள். காதுக்கருவியில் ஒரு பெண் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"சொல்லுங்கம்மா."

பிலோமினா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"எச்சரிக்கை வந்துடுச்சா? சரி, பயப்படாதீங்க. நீங்க தொட்டது ஊர்ப்பாதையோட பொது சர்வர். அந்த முகவரிகள் எல்லாம் கதவுக்கு மனப்பாடம். வெறும் இயந்திரங்க அடுக்கி வெச்ச கட்டடம், குடியிருக்கிறவங்க யாரும் கிடையாது. அதுக்குப் பின்னாடி ஒரு பதிலி வேணும்."

"பதிலின்னா?"

"ப்ராக்ஸி. முதல் வட்டத்திலே, அடுப்பு எரியற ஒரு நிஜ வீடு. நீங்க அந்த வீட்டுக்குள்ளேருந்து பேசற மாதிரி கதவுக்குத் தோணணும்."

"அந்த மாதிரி வீட்டை யாரு குடுப்பா?"

"குடுக்கிறவங்க இருக்காங்க. அமைப்புகளைத் திறங்க."

பிலோமினாவின் விரல் திரைக்கு மேலே நின்றது. "இரு மேடம். இதெல்லாம் இலவசம்ன்றாங்களே. சும்மா குடுக்கிறவன் எதையாவது சுடாம விடமாட்டான். நீ இன்னா சுடப்போற?"

குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நியாயமான கேள்வி. உங்க வண்டி சும்மா நிக்கிற நேரத்திலே உங்க முகவரி வழியா வேற ஒருத்தர் போவாங்க. அவ்வளவுதான் கூலி."

"என் முகவரி எந்த நாய்க்கு வேணும்? ஒன்பதாம் வட்டம்!"

"எங்க பக்கத்து ஜனங்களுக்கு வேணும்மா. போன மழையிலே உங்க தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணி. எங்க திரையிலே 'லேசான தூறல்'னு வந்தது. ஒன்பதாம் வட்டத்து முகவரி ஒண்ணை இரவல் வாங்கித்தான் நான் நிஜத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் தூக்கம் வரலை."

"அக்கா, கதை அப்பாலிக்கா பேசலாம்கா!" டில்லிபாபுவின் குரல் உடைந்தது.

"சொல்லு மேடம்" என்றாள் பிலோமினா.

"முதல்ல அந்தப் பச்சை சர்வரோட இணைப்பைத் துண்டிங்க. 'தானாகத் தேர்வு செய்'னு இருக்கா? அதை அணைச்சிடுங்க. கீழே 'பதிலி வழியாக வெளியேறு'னு ஒரு கட்டம்."

"இருக்கு. தட்டிட்டேன். இன்னாவோ ரெண்டு காலி டப்பா வருது."

"மேல் டப்பாவிலே நான் அனுப்பற எண்களை ஒட்டுங்க. கீழே இருக்கிறது போர்ட், அந்த வீட்டு வாசல் எண் மாதிரி. பத்து எண்பது. ஒண்ணு, சைபர், எட்டு, சைபர்."

பிலோமினாவின் கட்டைவிரலில் வியர்வை வழுக்கியது. எட்டுக்குப் பதில் ஒன்பது விழுந்தது. அழித்தாள், மறுபடி போட்டாள். 

"போட்டாச்சு. கதவை அழுத்தட்டா?"

"தொடாதீங்க! முதல்ல சோதனை. 'என்னைக் காட்டு'னு ஒரு பொத்தான் இருக்கும். வெளியிலேருந்து பார்த்தா உங்க வண்டி எப்படித் தெரியுதுன்னு சொல்லும்."

தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுழன்று நின்றது. 'வெளியேறும் முகவரி: முதல் வட்டம்.' பிலோமினாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த கணமே கீழே இன்னொரு வரி முளைத்தது. 'வெளியேறும் முகவரி: ஒன்பதாம் வட்டம்.'

"மேடம், ரெண்டு வருது!"

"அப்ப வண்டிக்குள்ளே வேற ஏதோ ஒண்ணு தனியா வலையோட பேசுது. கதவு அதையும் கேட்கும். வண்டியிலே இருக்கிற எல்லாமே ஒரே வழியா வெளியே போகணும். போன், கடிகாரம், எல்லாம் பாருங்க."

பிலோமினா அதைப் பின்னால் திரும்பிச் சொன்னதும் டில்லிபாபு தன் போனை அணைத்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். பிலோமினா ரத்த அழுத்தக் கருவியின் வயரைப் பிடுங்கினாள். மறுபடி சோதனை. மறுபடியும் இரண்டு வரி.

"இன்னும் இன்னாடா கீது? செருப்புல ஏதாவது வெச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லக்கா!"

"கர்ப்பிணிப் பொண்ணு கையிலே என்ன இருக்கு?" என்று கேட்டாள் வழிகாட்டி.

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். கஸ்தூரியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வளையல். போன மாதம்தான் வளைகாப்பு. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள், வேப்பிலைக் காப்பு. அவற்றுக்கு நடுவில் நீல நிறத்தில் தடித்த ஒன்று.

"அது இன்னா நீலம்?"

"அதுவா?" டில்லிபாபு விழித்தான். "சுகாதார நர்சம்மா வந்து போட்டது. வளைகாப்புக்கு வந்தவங்க எல்லாம் ஆளுக்கொண்ணு போட்டாங்க. அந்தம்மாவும் ஒண்ணு போட்டாங்க."

அரசாங்கத்தின் தாய்மை வளையல் அது. நாடித் துடிப்பு, குழந்தையின் அசைவு, கூடவே வீட்டு முகவரி, எல்லாவற்றையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பாட்டுப் பாடி மாட்டிய வளையலை ஒரு கருவி என்று அந்த வீட்டில் யார் நினைப்பார்கள்?

"கழட்டு!"

டில்லிபாபு இழுத்தான். கை வீங்கியிருந்தது. மணிக்கட்டைத் தாண்டவில்லை. "கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி கழட்டவும் கூடாதுக்கா, எங்கம்மா—"

"உங்கம்மாவ இட்டுக்கினு வந்து கதவைத் தொறக்கச் சொல்லு! கத்தரி எங்க?"

"வெட்டாதீங்க!" காதில் குரல் உயர்ந்தது. "வெட்டினா அபாய மணி போகும். அதையும் நம்ம வழியிலேயே கூட்டிட்டுப் போயிடலாம். வளையலோட உள்பக்கம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். விடாம அழுத்தினா புது வலையைத் தேடும். அப்ப உங்க வண்டி வலையோட கடவுச்சொல்லைக் குடுங்க."

பிலோமினா அதை உரக்கச் சொல்லி முடிப்பதற்குள் கஸ்தூரி தானே புள்ளியைத் தேடி அழுத்தினாள். முகம் முழுக்க வியர்வை. "அதைத் திட்டாதீங்கக்கா" என்றாள், வலிக்கு நடுவே. "பாவம், என் வீடு எங்கன்னு உண்மையைத்தானே கத்திக்கினு இருக்கு."

"இன்னிக்கு ஒருநாள் பொய் சொல்லட்டும்" என்றாள் பிலோமினா.

பிலோமினா திரையில் கடவுச்சொல்லைப் போட்டாள். நீல வளையல் கண் சிமிட்டியது. சிமிட்டிச் சிமிட்டி, நிலைத்தது. பிலோமினா சோதனையைத் தட்டினாள். வட்டம் சுழன்றது. 'வெளியேறும் முகவரி: முதல் வட்டம்.' அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

"இப்ப போங்கம்மா" என்றது குரல், ஏறக்குறைய ரகசியமாக.

வண்டி உருண்டது. கதவின் மேலிருந்த ஒளிக்கண் வண்டியை மேலும் கீழும் மேய்ந்தது. பிலோமினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

'வணக்கம். நல்வரவு. பதினொரு அரங்குகள் தயார்.'

கதவு சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிளந்தது. டில்லிபாபு போட்ட விசில், அந்த வளாகம் அதுவரை கேட்டிராத விசில்.

உள்ளே எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. இளம் டாக்டர் ஒருத்தி ஸ்ட்ரெச்சருடன் ஓடி வந்தாள். வண்டியின் பக்கவாட்டில் 'ஒன்பதாம் வட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிலோமினாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். கதவு திறந்து உள்ளே வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் எவருக்கும் இடமில்லை.

அரங்கின் வாசலில் டில்லிபாபு நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். பிலோமினா சுவரில் சாய்ந்து நின்றாள். காதில் வழிகாட்டி இன்னும் இருந்தாள்.

"வேலை முடிஞ்சுதே மேடம். வெச்சுடேன்."

"அழுகைச் சத்தம் கேட்டுட்டு வைக்கிறேன்."

கேட்டது. மெல்லிய, கோபமான, யாரையோ அதட்டுவதுபோன்ற அழுகை. இளம் டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." டில்லிபாபு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பிலோமினாவின் காதிலும் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அப்போதுதான் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து பூட்ஸ் ஒலி நெருங்கியது. இரண்டு காவலர்கள். நடுவில் வெள்ளை முழுக்கைச் சட்டையும் கையில் பலகைக் கணினியுமாக ஒருவர். நுழைவுப் பிரிவின் தலைமை அதிகாரி ரங்கபாஷ்யம்.

"ஒன்பதாம் வட்டத்து வண்டி உள்ளே எப்படி வந்தது?"

"கதவு தொறந்துச்சு சார். வந்தோம்."

"கதவு திறக்காது. எனக்குத் தெரியும். அந்தக் கதவுக்குப் புத்தி சொல்லிக் கொடுத்தவனே நான்தான்." அவர் கணினியைப் புரட்டினார். "குழந்தைக்குப் பிறப்பு முத்திரை விழுந்தாச்சா?"

"தானா விழுந்துடுச்சு சார்" என்றாள் இளம் டாக்டர். அவள் கண்ணில் ஒரு குறும்பு மின்னியது. "பிறக்கும்போது தாயோட வளையல் எந்த முகவரியிலே இருந்ததோ, அதுதான் குழந்தைக்கு ஆயுள் முகவரி. முதல் வட்டம். அஞ்சு வயசு வரைக்கும் தாய் தகப்பனும் குழந்தையோட முகவரிதான்."

"அப்ப நானு?" என்றான் டில்லிபாபு, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீயும்தான்டா, முதல் வட்டத்துத் துரை!" என்று அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள் பிலோமினா.

"ரத்து பண்ணுங்க!" ரங்கபாஷ்யத்தின் குரல் கூரையில் மோதியது.

"முடியாதே சார். பிறப்பு முத்திரையை யாரும், எக்காரணம் கொண்டும் மாற்ற முடியாதுன்னு சட்டத்திலே பிரிவு போட்டது நீங்கதானே? ஒன்பதாம் வட்டத்துக் குழந்தை ஒண்ணுகூட மேலே ஏறிடக் கூடாதுன்னு."

காவலர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான். ரங்கபாஷ்யம் பிலோமினாவின் பக்கம் திரும்பினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"உன்னை நான் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டப்படி குற்றவாளி நீ இல்லை. தன் வீட்டு முகவரியை இரவல் கொடுத்தான் பார், அவன். எங்க வட்டத்திலேயே, எங்க தெருவிலேயே உட்கார்ந்துக்கிட்டு வேலி தாண்ட வழி விடற துரோகி. அவன் யாருன்னு இப்பவே சொல்றேன். உன் கண்ணு முன்னாடியே கைவிலங்கு போடறேன்."

"ஐயோ மேடம், லைனை வெச்சுட்டு ஓடு" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள் பிலோமினா.

"எங்கேம்மா ஓடறது? இது என் வீடு" என்றது காதில் குரல். அப்போதும் அவசரமே இல்லை.

ரங்கபாஷ்யம் பிறப்பு முத்திரையைத் திறந்தார். வட்ட எண், தெரு, கதவு எண் என்று விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் சிவந்திருந்த முகத்தில் இப்போது ரத்தமே இல்லை.

"யாரு சார் அது? சொல்லுங்க சார்" என்றான் டில்லிபாபு. "எங்க பாப்பாவோட வீடாச்சே, நாங்களும் தெரிஞ்சுக்க வேணாமா?"

அவர் காவலர்களைக் கையால் விலக்கிவிட்டு நாலடி தள்ளிப்போய், சுவரைப் பார்த்து நின்றபடி தன் போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்தினார்.

பிலோமினாவின் காதில், வழிகாட்டியின் அறைக்குள் எங்கேயோ, ஒரு போன் மணி அடிக்கத் தொடங்கியது.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றாள் வழிகாட்டி. "என் வீட்டுக்காரர் கூப்பிடறார்."