அறுசுவை விரைவு வண்டியில் எதிர்பார்க்க வேண்டியவை

தையல்நாயகியின் வயிற்றை வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மூடிவிடுவதாக நகர மன்றத்திலிருந்து தகவல் வந்தபோது, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். படித்துப் பார்த்துவிட்டு, "பத்தரையா? ராகுகாலம் முடிஞ்சிருக்கும், நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மீதித் துணியையும் மடித்து வைத்தாள். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் கூடுதல் என்பதால் ராகுகாலமும் கொஞ்சம் நீண்டுவிட்டதே தவிர, அதை யாரும் விட்டுவிடவில்லை.

பதற ஒன்றுமில்லை. செம்மண்புரத்தில் அறுபது முடிந்தவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான் அது. குறைந்த ஈர்ப்பில் வயதான குடல் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கிழவர்கள் சாப்பிடாமல் இருந்தால் குழந்தைகளுக்கு மிஞ்சும் என்று மன்றம் கண்டுபிடித்தது. விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சத்துப்பேழையைப் பொருத்துவார்கள். மாதம் ஒருமுறை நிரப்பிக்கொண்டால் உடம்புக்கு வேண்டியதை அது நேரே ரத்தத்தில் கலந்துவிடும். தொண்டைக்குக் கீழே வழியை அடைப்பார்கள். பின்னால் ஏக்கம் வரக்கூடாது என்று நாக்கின் சுவை நரம்புகளையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் 'இரைப்பை ஓய்வு' என்று பெயர். மோசமான காரியத்துக்கு அழகான பெயர் தேடிப் பிடிப்பதில் அரசாங்கங்கள் எந்தக் கிரகத்திலும் சளைத்தவை அல்ல.

"அதனாலென்ன, அறுபது வருடம் சாப்பிட்டாயிற்றே" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் வயிற்றெரிச்சல். தையல்நாயகி சாப்பிட்டதே இல்லை. செம்மண்புரத்தில் மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் மூன்று வேளையும் சுவர்க்குழாயில் சத்துப்பசைதான். கண்ணாடித் தோட்டங்களில் விளையும் உளுந்தும் மிளகும் நேராக அரவை ஆலைக்குப் போய், சாம்பல் நிறக் களிம்பாகத் திரும்பி வரும். அதற்கு ருசி என்று ஒன்று உண்டா என்று கேட்டால், ஈரத்துணியை வாயில் வைத்துப் பாருங்கள், அதுதான்.

அடுப்பில் வைத்துச் சமைத்து, இலை போட்டுப் பரிமாறுகிற இடம் அந்தக் கிரகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அறுசுவை விரைவு வண்டி. செம்மண்புரத்திலிருந்து ஒலிம்பஸ் மலையடிவாரம் வரை போய்த் திரும்பும் ஏழு மணி நேரச் சுற்றுலா ரயில். கண்ணாடிக் கூரை, எட்டே மேசை, மேல்வகுப்பு விருந்து. வாழ்நாளில் ஒருவருக்கு ஒருமுறைதான் இடம் கிடைக்கும். தையல்நாயகி பத்தொன்பது வருடம் முன்பு பெயர் கொடுத்திருந்தாள். முறை வந்தது, வயிறு மூடுவதற்குச் சரியாக நான்கு நாள் முன்னால்.

அவள் கணவர் அம்பலவாணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு அறுபது முடிந்து இரண்டு வருடமாயிற்று. பேழை பொருத்தியாகிவிட்டது. அவர் முறை வருவதற்குள் வயிறு முந்திக்கொண்டது. இப்போது துணையாகப் போகலாம், உட்காரலாம், பார்க்கலாம், அவ்வளவுதான்.

"நீ சாப்பிடு தையு. ஒவ்வொரு வாய்க்கும் எப்படியிருக்குன்னு எங்கிட்ட சொல்லு. எனக்கு அது போதும்" என்றார்.

அவருக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. செம்மண்புரத்தில் பன்னிரண்டு வயதிலேயே எல்லோருக்கும் இடது கண்ணில் விழிப்படமி பொருத்திவிடுவார்கள். மூன்று முறை வேகமாகச் சிமிட்டினால் பார்ப்பது படமாகி, அந்த நொடியே ஊர்த்திரையில் ஏறிவிடும். ஊரார் பார்த்து மெச்சுவார்கள். அம்பலவாணன் தண்ணீர்க் குழாயைக்கூட மூன்று முறை சிமிட்டுகிற ஆசாமி. "கண்ணு அவிஞ்சு போகப் போகுது" என்று தையல்நாயகி எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள்.

கிளம்புகிற அன்று பக்கத்துக் குடியிருப்புக் கூட்டின் செண்பகவல்லி வந்தாள். போன வருடம் வண்டியில் போய்வந்தவள். வந்த நாளிலிருந்து அந்த மிளகு ரசத்தைப் பற்றிப் பேசிப் பேசி ஊரையே ஏங்க வைத்தவள்.

"காலைல பசை கிசை எதுவும் எடுத்துக்காத தையு. வயித்தக் காலியா வச்சுக்கிட்டுப் போ. அப்பத்தான் தெரியும்" என்றாள்.

தையல்நாயகி முந்தின நாள் மதியத்திலிருந்தே எதையும் தொடவில்லை.

வண்டி ஏறியதும் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்கள். 'எதிர்பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. சூடான ஈரத்துண்டு, பானகம், மிளகு ரசம், தலைவாழை இலைச் சாப்பாடு, உளுந்து வடை, பருப்புப் பாயசம், வடிகட்டிய காப்பி. தையல்நாயகி அதை நாலு முறை படித்தாள். வெளியே சிவப்பு மணல் பின்னால் ஓடியது. அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பரிமாறிகள் வந்தன. வெள்ளை வேட்டி கட்டியது போல் வண்ணம் பூசிய இயந்திரங்கள், நாலு கை, குழைவான குரல். ஒன்று ஈரத்துண்டை நீட்டியது. துடைத்துக்கொண்டாள். இன்னொன்று பானகத்தைக் கண்ணாடிக் குவளையில் வைத்தது. ஏலக்காய் வாசனை. அம்பலவாணன் மும்முறை சிமிட்டினார். அவள் குவளையை எடுக்கக் கையை நீட்டினாள். குவளை இல்லை. பரிமாறி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"நாந்தான் லேட்டோ?" என்றாள்.

"அவசரக்காரப் பய. அடுத்தது வரட்டும்" என்றார் அம்பலவாணன்.

அடுத்தது ரசம். அகப்பையிலிருந்து அது கிண்ணத்துக்குள் அந்த ஈர்ப்பில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. மிளகும் பூண்டும் கலந்த ஆவி முகத்தில் அடித்ததும் தையல்நாயகிக்கு வாயில் என்னவோ சுரந்தது. அப்படியெல்லாம் சுரக்கும் என்பதே அறுபது வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. இந்த முறை அவள் தாமதிக்கவில்லை, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பரிமாறி அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்து எடுத்தது.

"மன்னிக்க வேண்டும் அம்மா. கை பட்டால் படம் கெட்டுவிடும்."

"படம்தான் எடுத்தாச்சே. நான் குடிக்கணும்."

"படம் எடுத்தாகிவிட்டது. ஆகவே ரசம் முடிந்தது" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தூக்கியது பரிமாறி.

அம்பலவாணன் எழுந்து நின்றுவிட்டார். "முடிஞ்சுதா? என்னய்யா முடிஞ்சுது? ஒரு சொட்டு வாயில படல. பத்தொம்போது வருஷமா காத்திருந்து வந்திருக்கோம். கூப்பிடு உங்க மேலாளரை!"

"மேலாளர் என்று தனியாக யாருமில்லை ஐயா. இந்த வண்டியை நடத்துவது மரபுமூளை. உங்கள் குறையை அது குறித்துக்கொண்டது. வெளிச்சம் போதவில்லையா?"

"வெளிச்சம் கெடக்குது. சாப்பாட்டைச் சாப்பிட விடு!"

பரிமாறி நல்ல ஆசிரியரின் பொறுமையோடு விளக்கியது. இந்த வண்டியைத் தொடங்கியபோது, விருந்து எப்படி நடக்கும் என்று சொல்ல செம்மண்புரத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் பசையில் வளர்ந்தவர்கள். ஆகவே பூமியில் இருபத்தோராம் நூற்றாண்டு மனிதர்கள் விட்டுப்போன நானூறு கோடி உணவுப் படங்களை மரபுமூளையிடம் கொடுத்து, அவர்கள் செய்த மாதிரியே செய் என்றார்கள். மரபுமூளை ஒன்று விடாமல் பார்த்தது. தட்டு வருகிறது. தட்டு நிறைய உணவு இருக்கிறது. படம் எடுக்கிறார்கள். அடுத்த படத்தில் அடுத்த தட்டு.

"தொட்ட தட்டு, பாதித் தட்டு, காலித் தட்டு எல்லாம் ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை ஐயா. அவற்றை விபத்து என்று ஒதுக்கினோம். இங்கே நடப்பது கலப்படமில்லாத பூமி விருந்து."

"அவங்க சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு எழுதி வச்சிருப்பாங்களே, அதையெல்லாம் படிக்கலியா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எழுதியிருக்கிறார்கள் அம்மா. ஆனால் சான்று எதுவும் இல்லை. அவர்கள் எழுதியதையெல்லாம் நம்பக் கூடாது என்பதற்குத்தான் நிறையச் சான்று இருக்கிறது."

இயந்திரத்தோடு சண்டை போடலாம், ஆனால் மரியாதையாகப் பேசுகிற இயந்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது? தையல்நாயகி மற்ற மேசைகளைப் பார்த்தாள். ஏழு மேசையிலும் ஆட்கள் தட்டைத் திருப்பி வைத்துச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் பசி தெரிந்தது, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசை வழுக்கைத்தலை மனிதர் அம்பலவாணன் பக்கம் சாய்ந்து, "விடுங்க சார், உக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க. நம்மளுக்குத்தான் சாப்பிடத் தெரியலன்னு நெனைச்சுக்கப் போறாங்க" என்று முணுமுணுத்தார்.

அம்பலவாணன் உட்கார்ந்தார். அவர் கை மேசையின் மேல் ஒன்றும் செய்யத் தெரியாமல் கிடந்தது.

பிறகு இலை வந்தது. பச்சை இலை, வெள்ளைச் சோறு, சாம்பார், அவியல், அப்பளம், ஓரத்தில் இரண்டு உளுந்து வடை. தையல்நாயகி இப்போது அழவில்லை, கெஞ்சவுமில்லை. "படம் எடுங்க" என்றாள் கணவரிடம். அவர் சிமிட்டினார். பரிமாறி இலையை மடிக்கக் குனிவதற்கு இருந்த இடைவெளியில், பொதுச்சொத்தைத் திருடாத பரம்பரையில் பிறந்த தையல்நாயகி, ஒரு வடையை எடுத்து மடிக்குள் செருகிக்கொண்டாள். பரிமாறி தடுக்கவில்லை. படத்தில் இரண்டு வடை இருந்தது. பரிமாறிக்கு அது போதும்.

"கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்தாள். அம்பலவாணனும் பின்னாலேயே போனார்.

நடைவழியில் யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒலிம்பஸ் மலை பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தையல்நாயகி மடியை அவிழ்த்தாள். வடை இன்னும் சுட்டது. மேலே மொறுமொறுப்பு, ஒரு கறிவேப்பிலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஏங்க, நெசமாவே வடைங்க இது" என்றாள். வாயருகே கொண்டுபோனாள்.

"இரு இரு, ஒரே ஒரு நிமிஷம்."

"என்ன?"

"நீ அதைக் கையில வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு. திங்கக்கிழமைக்கு அப்புறம் இது வருமா தையு? என்னாலதான் திங்க முடியாது. எனக்குன்னு இது ஒண்ணாவது இருக்கட்டுமே."

அவர் கேட்ட விதத்தில் அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. அதோடு, படம் என்றால் நின்று சிரிக்கிற பழக்கம் நாற்பத்தெட்டு வருடத்துப் பழக்கம்.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. வடையத் தூக்கிப் பிடி. ஆங், அப்படித்தான்."

தையல்நாயகி சிரித்தாள். அம்பலவாணன் மும்முறை சிமிட்டினார். படம் ஊர்த்திரையில் ஏறியது.

ஊர்த்திரையை மரபுமூளையும் பார்க்கும் என்பது அவர்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நடைவழிக் கதவு திறந்தது. பரிமாறி ஒரு கையிலிருந்த இடுக்கியால் வடையைப் பிடித்தது.

"அருமையான படம் அம்மா. எடுத்துக்கொள்கிறேன்."

"ஐயோ, குடுத்துரு! நான் இன்னும் வாயில வைக்கல!"

அது போய்க்கொண்டேயிருந்தது. தையல்நாயகி தன் விரல்களைப் பார்த்தாள். மூன்று விரலில் எண்ணெய் மினுங்கியது. அதுவாவது இருக்கிறதே என்று அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனாள். பரிமாறியின் இன்னொரு கை அதற்குள் நீண்டு, அவள் கையை மென்மையாகப் பிடித்து, சூடான ஈரத்துண்டால் விரல் விரலாகத் துடைத்துவிட்டது. மேல்வகுப்பில் அதெல்லாம் கேட்காமலே செய்வார்கள்.

தையல்நாயகி நடைவழியிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பாவி நான், பாவி" என்று அம்பலவாணன் தலையில் அடித்துக்கொண்டார். அடிக்கிற கையை அவள்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

திரும்பி வருகிற வழியில் பாயசமும் காப்பியும் வந்தன, போயின. அவர்கள் இருவரும் சிமிட்டவில்லை. பரிமாறி தானே படம் எடுத்துக் கொடுத்தது.

செம்மண்புரத்தில் இறங்கும்போது அந்த வடைப் படத்துக்கு மூவாயிரத்து நானூறு மெச்சல் வந்திருந்தது. முழு வடை, சிரித்த முகம். மரபுமூளை அதைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது, பூமி முறை செவ்வாயிலும் வழுவாமல் நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றாக.

கூட்டு வாசலில் செண்பகவல்லி நின்றிருந்தாள். கூடவே எதிர்க்கூட்டு அருந்ததி. அருந்ததிக்கு அடுத்த மாதம் வண்டி, அதற்கடுத்த வாரம் வயிறு.

"எப்படி இருந்துச்சு தையு?" என்றாள் செண்பகவல்லி.

தையல்நாயகிக்கு ஒரு வருடமாகக் கேட்ட மிளகு ரசக் கதை முழுதும் நினைவுக்கு வந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சுக்கா."

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கை மட்டும் வந்து தையல்நாயகியின் கையைப் பிடித்தது, சீக்கிரம் விடவில்லை.

அருந்ததிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. "அக்கா, படம் பார்த்தேன். என்னா வடை! கடிச்சா எப்படி இருக்கும் அக்கா? போறதுக்கு முன்னாடி நான் என்னென்ன தெரிஞ்சுக்கணும்?" என்று படபடவென்று கேட்டாள்.

தையல்நாயகி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாசல் சுவரில் ஊர்த்திரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள் வடையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெச்சல் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தது. பின்னால் அம்பலவாணன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"மொறுமொறுன்னு இருக்கும்" என்றாள் தையல்நாயகி. "காலைல பசை எதுவும் எடுத்துக்காத. வயித்தக் காலியா வச்சுக்கிட்டுப் போ."