பத்து வரை எண்ணு

சமையலறையில் நின்று சின்னவள் பத்து வரைக்கும்தான் எண்ணினாள். "பதினொன்னு வரைக்கும் தெளிவா கேட்டுச்சு, அடுத்த ரூமுக்குப் போ" என்றாள் அக்கா போனில். வயிற்றில் பிள்ளையோடு ஒன்பதாம் மாதத்தில் கணக்கு மட்டும் ஒழுங்காக வருமா என்ன, நாமே ஒன்று கூட்டி எண்ணியிருப்போம் என்று சின்னவள் சிரித்துக்கொண்டு, கையிலிருந்த தாளில் 'சமையலறை, சரி' என்று எழுதிக்கொண்டாள்.

அக்கா ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிதானமாகப் பத்து வரை எண்ண வேண்டும். கேட்பவர் குறுக்கே பேசாமல், கடைசியாகக் காதில் விழுந்த எண்ணைச் சொல்ல வேண்டும். லைன் எங்கே அறுந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். சின்னவள் இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு நாள்தான் ஆகிறது. போன் கடைக்காரர் ஒரு வாரம் சும்மா போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு சிம் கொடுத்திருந்தார். பிடித்துப்போய்க் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது. புருஷன் கப்பலில், கரைக்கு வர இன்னும் ஒன்றரை மாதம். வலி கண்டால் அக்காவுக்கு ஒரு போன் போதும், பத்து நிமிடத்தில் காரோடு வந்து நிற்பாள். அந்த ஒரு போன் இந்த வீட்டின் எந்த மூலையிலிருந்தும் போயாக வேண்டும்.

குளியலறையில் குழாய் சொட்டும் சத்தத்துக்கு ஒத்தாற்போல் எண்ணினாள்.

"பதினாலு" என்றாள் அக்கா.

"விளையாடாதக்கா. நான் பத்தோட நிறுத்திட்டேன்."

"யாருடி விளையாடறா? லீவு நாள்ல ஹெட்போன மாட்டிக்கிட்டு உனக்காக உக்காந்திருக்கேன். உன் குரல்தான். பதினாலு."

எதிரொலியாக இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எதிரொலி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும், சொல்லாததைச் சேர்த்துச் சொல்லாது என்பதும் அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் மூன்று மணி வெயில் கூடம் முழுக்கச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும்போது பயப்பட அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்தபடி அவள் மாடிப்படி ஏற ஏற, புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் பல நாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு நெடி மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. தெருச் சத்தம் படிக்குப் படி தேய்ந்து, கடைசியில் அவளுடைய மூச்சிரைப்பு மட்டும் சுவரில் பட்டுத் திரும்பியது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. படுக்கையறை வாசலில் நான்கும் நிறைந்துவிட்டன.

உள்ளே போய், இந்த முறை ஒரு தந்திரம் செய்தாள். மூன்று வரை எண்ணி நிறுத்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கா வழக்கப்படி குறுக்கே பேசவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம்.

"அக்கா?"

"ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே எண்ணிக்கிட்டிருந்த. நாப்பது வந்துட்ட."

"மூணோட வாயை மூடிட்டேன்க்கா. சத்தியமா."

அக்கா சிரித்தாள். சின்னவள் சொன்னதற்கு அல்ல. "ஆமாண்டி, ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்று யாருக்கோ பதில் சொன்னாள். கொஞ்சம் இடைவெளி. "சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு." மறுபடி இடைவெளி. யாரோ ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நீளம்.

"அக்கா, அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்."

"சரிடி வாலு."

வாலு. அக்கா அவளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் இடுப்பில் பிடித்தது. கட்டில் காலைப் பற்றிக்கொண்டு தரையில் சரிந்தாள். தொடைவழியே வெதுவெதுப்பாக இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

"அக்கா! வலி வந்துடுச்சு! கிளம்பு!"

"சிக்னல் பிரமாதமா இருக்கு. யோசிக்காம கையெழுத்துப் போட்டுடு."

கத்தினாள். அழைப்பைத் துண்டித்தாள். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆம்புலன்சுக்கு அழுத்தினாள். அதிலும் அக்கா. சிரித்துக்கொண்டு.

படி வரை தவழ்ந்தாள்.

கீழே சமையலறையில் பேச்சுச் சத்தம். அவளுடைய குரல். அது பேசி நிறுத்தினால் போனில் அக்கா பேசினாள். அக்கா நிறுத்தினால் அது.

பிறகு இரண்டும் ஓய்ந்தன.

அழுகை. பச்சைக் குழந்தையின் அழுகை. கீழேயும். போனிலும்.

"ஐயோ, பொறந்துடுச்சாடி? தனியாவா? இதோ வரேன், இதோ வரேன்!"

சின்னவள் வயிற்றில் கை வைத்தாள். வலி நின்றிருந்தது. வயிறு பெரிதாக, அப்படியே இருந்தது. அழுத்திப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

கீழே அவள் குரல், அழாதே அழாதே என்று குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.