நான்காம் கட்டிலின் பச்சைச் சீட்டு

அக்காவின் கட்டில் கம்பியை வருடியபோது விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. குனிந்து பார்த்தான். எறும்பு இல்லை. இதய அறுவை வார்டில், அதுவும் இப்போதுதான் மருந்து நீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் போன ஈரத் தரையில், எறும்புக்கு என்ன வேலை? மறுபடியும், பட்டும் படாமலும், விரலைக் கம்பியின் மேல் ஓட்டினான். வழவழப்பான பெயின்ட் சொரசொரத்தது. வேறு யாராக இருந்தாலும் கையை உதறிவிட்டு மறந்திருப்பார்கள். அது கசியும் மின்சாரம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த ஆஸ்பத்திரியின் கருவிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். எந்நேரமும் கையில் மின்கசிவு அளக்கும் ஒரு மீட்டரோடு திரிவதால் வார்டில் அவன் பேரே மீட்டர். அதைக் கடைசியாக எப்போது முடுக்கினான் என்று கேட்டால் தலையைச் சொறிவான். ஆய்வுக் குழு வந்த வாரம், கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் நாற்பது பச்சைச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்ட மகராசன். 'சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.' கட்டிலிலும் கருவியிலும் ஒட்டுவதற்கு மட்டும் வார்டுக்குள் வந்து போனான். இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது என்று இருந்துவிட்டான்.

அக்கா கண்மூடிக் கிடந்தாள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். இதய வால்வை மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. விலாவுக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு, நூல் போல இரண்டு வயர்கள் வெளியே வந்திருந்தன. துடிப்பு தடுமாறினால் வெளியிலிருந்து தூண்டிவிட, அவற்றின் மறுமுனையை இதயத்திலேயே தைத்திருந்தார்கள். வெளிமுனைகளை ரப்பர் கையுறையின் விரல் ஒன்றை வெட்டி அதற்குள் மூடி, பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். எதற்கு மூடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். எறும்பாக ஊரும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு, கைக்குத் தெரியவே தெரியாத அளவு, நேராக இதயத்தில் இறங்கினால் போதும். ஆள் அவ்வளவுதான்.

கட்டிலை ஒட்டி ஸ்டாண்டில் நின்ற பழைய மானிட்டரைப் பார்த்தான். குற்றவாளி அதுதான் என்று முடிவு செய்தான். ஆறு மாதத்துக்கு முன் இந்த நான்காம் கட்டிலில் இதயத்துடிப்புக் கோடு நடுங்குகிறது என்று பெரிய டாக்டர் எரிந்து விழுந்தபோது, மானிட்டர் பிளக்கில், கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பின்னைக் குறட்டால் திருகி எடுத்தவன் அவன். நடுக்கம் நின்றது. டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். கோடு ஏன் நடுங்கியது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

நர்ஸிடம் சொல்லிக் கட்டிலை மாற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். எர்த் பின்னைப் பிடுங்கியது வெளியே வரும், பின்னாலேயே நாற்பது சீட்டும் வரும். வேலை போகும். சத்தமில்லாமல் தன் அறைக்குப் போய், எர்த் உள்ள புது வயரைக் கொண்டுவந்து மானிட்டருக்கு மாட்டினான். ஸ்டாண்டைக் கட்டிலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். மானிட்டர் பெட்டியை வருடிப் பார்த்தான். வழவழப்பு. திரையில் மட்டும் கோடு மறுபடியும் லேசாக நடுங்கத் தொடங்கியது. நடுங்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டான்.

எங்கிருந்தோ 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. மருந்து வாடை, ஈரத் தரையின் வாடை, அவற்றுக்கடியில் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை.

அக்கா கண் திறந்தாள்.

"தம்பி, இங்க என்னமோ குத்துதுடா."

கையுறை விரல் நழுவியிருந்தது. ஒரு வயரின் முனை வெளியே பளபளத்தது. நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் இருந்தாள். கூப்பிடுகிறேன் என்றான். அவளை ஏன் தொந்தரவு செய்கிறாய் என்றாள் அக்கா.

"நீயே சரி பண்ணு. உன் கை பட்டா எந்த மெஷினும் ஒழுங்கா வேலை செய்யும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

பெருமையில் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. குனிவதற்காக இடது கையால் கம்பியை இறுகப் பற்றினான். எறும்பு இல்லை. அப்பாடா என்றிருந்தது. இறுகப் பிடித்தால் தெரியாது, வருடினால்தான் தெரியும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வலது கை விரல்களால் வயரின் முனையைப் பிடித்தான்.

ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கையிலும் ஒன்றுமே தெரியவில்லை.

திரையில் கோடு புழுவாக நெளிந்தது.

அக்காவின் வாய் 'தம்பி' என்று குவிந்தது. சத்தம் வரவில்லை.

கையை எடுத்தான். கோடு நெளிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. மின்சாரத்துக்கு உள்ளே வர ஒரு வாசல் வேண்டும், வெளியே போக ஒரு வாசல் வேண்டும். வந்தது மானிட்டரிலிருந்து அல்ல. கட்டிலிலிருந்து. தலைமாட்டை உயர்த்தும் அதன் மோட்டாரிலிருந்து. அன்று கோடு நடுங்கியதும் அதனால்தான். போகும் வாசல், அவன் மானிட்டரின் பின்னைப் பிடுங்கியதால், ஆறு மாதமாக அடைபட்டிருந்தது. அக்காவின் காலில் ஒட்டிய மானிட்டர் வயர் வழியாக, அதை இன்று திறந்துவிட்டது அவன்தான். நடுவே இருந்த பாலமும் அவன்தான்.

ஓடி வந்தார்கள். கட்டிலை யாரும் தொடாதீர்கள் என்றார் டாக்டர், ஷாக் கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதுதான். நாற்பது நிமிடம் போராடினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்கண்ணா. அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் கிடைக்காது." தயங்கினாள். "உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான். வேற ஆள் இல்ல. இந்தக் கட்டிலை ஒரு தடவை பாத்துச் சீட்டு ஒட்டிட்டீங்கன்னா, ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து அடுத்த ஆளைக் கொண்டு வந்துடுவோம்."

மண்டியிட்டுக் கட்டிலின் பிளக்கை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான். பிளக்கில் எர்த் பின் அடியோடு முறிந்து கறுத்திருந்தது. மோட்டாரோடு பிணைந்த வயர், தனியாக மாற்ற முடியாது. கட்டிலையே வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் அதன் கீழே அக்காவின் பேரை எழுத வேண்டும், அதற்கும் கீழே தன் பேரை.

சட்டைப்பையில் ஒரு பச்சைச் சீட்டு இருந்தது. தேதி போட்டான். ஒட்டினான்.

அவன் வாசலைத் தாண்டுவதற்குள் புது நோயாளியைக் கொண்டுவந்து கிடத்தி, அதே மானிட்டரின் வயரைக் காலில் ஒட்டினார்கள். விலாவுக்குக் கீழே ரப்பர் விரல் பாதி நழுவியிருந்தது. மனைவி ஓடி வந்து இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் முகத்தைச் சுளித்து, இங்கே குத்துகிறது என்று ஜாடை காட்டினான். அவள் நர்ஸைத் தேடினாள், காணவில்லை. வாசலில் மீட்டரோடு நிற்பவனைப் பார்த்தாள்.

"நான் தொடலாமாங்க?"

அவன் வாயைத் திறந்தான். நாக்கில் எறும்பு ஊர்ந்தது. ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் கண் பச்சைச் சீட்டில் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு, நிம்மதியாக, வயரின் முனையை நோக்கி வலது கையை நீட்டினாள்.