நார் கட்டிய மரம்

காலையிலிருந்து நகிட்டோவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முற்றத்தைப் பெருக்கினாள். பாதியில் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சாலைவரை ஓடி, மசாகா டவுன் பக்கமிருந்து வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

இன்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், பிறந்த தம்பிப் பாப்பாவோடு!

நேற்று போனில் அம்மா சொல்லியிருந்தாள்: "இங்க சோளமாவுக் களியைத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. வந்ததும் எனக்கு மதோக்கே வேணும், கண்ணு."

நகிட்டோவின் ஊரில் வாழைக்காய் மதோக்கே தட்டில் இல்லையென்றால், வேறு எதைத் தின்றிருந்தாலும் "இன்னும் சாப்பிடல" என்றுதான் சொல்வார்கள்.

அப்பா அம்மாவை அழைத்துவரக் கிளம்பும்போது சொன்னார். "முத்தின மரத்துல நார் கட்டி வச்சிருக்கேன். அதை மட்டும் வெட்டு. நடுவுல சாற்று வாழையும் கலந்து நிக்குது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா சமைச்சா வாயில வைக்க முடியாது."

"தெரியும்ப்பா, தெரியும்! நீங்க கிளம்புங்க!"

வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். நார் கட்டிய மரத்தைக் கண்டுபிடித்து, நகிட்டோ நடுத்தண்டில் வெட்டினாள். மரம் மெல்லச் சாய்ந்தது. தரையில் விரித்த இலைகளின் மேல் குலை இறங்கியது. தம்பி லுக்வாகோ ஒரு கையால் குலையைப் பிடித்துக்கொண்டான். மறு கையை ஏனோ முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தான்.

அடுப்பு எரிந்தது. நகிட்டோ மளமளவென்று காய் சீவினாள். கையெல்லாம் பிசுபிசுவென்று பால் ஒட்டியது.

"அக்கா..."

"பேசாத. தண்ணி கொண்டா."

"அக்கா, காய்க்குள்ள ஏன் பழுப்பா இருக்கு?"

"வெயில்ல உனக்கு எல்லாம் பழுப்பாத்தான் தெரியும். போடா!"

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் பார்த்தாள். காயின் நடுவில் பழுப்புப் புள்ளிகள். ஒரு துண்டைக் கடித்தாள். தூ! துவர்ப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சாற்று வாழை!

"நார் கட்டின மரம்தானே வெட்டினேன்? அப்பா தப்பாக் கட்டுவாரா?"

லுக்வாகோ தரையைப் பார்த்தான். முதுகுக்குப் பின்னாலிருந்த கை மெதுவாக முன்னால் வந்தது. அதில் புத்தம்புதிய வாழைநார்ப் பந்து.

"பந்து சுத்த நார் பத்தலக்கா. அதான் அப்பா கட்டினதை அவுத்துட்டேன். அப்புறம் பயமா இருந்துச்சு. வேற நாரை எடுத்துக் கட்டினேன். ஆனா மரம்..." அவன் உதடு பிதுங்கியது. "மரம் மாறிப்போச்சு போல."

நகிட்டோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை ஓங்கினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்குத் தயாராக நின்றான். பந்தை மட்டும் விடவில்லை. அதைப் பார்த்ததும் அவள் கை தானாக இறங்கிவிட்டது.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். அப்பா முதல்ல கட்டின மரம் எது?"

"பலாமரத்துக்குப் பக்கத்துல!"

இருவரும் ஓடினார்கள். சரியான குலையை வெட்டி இறக்குவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. மதோக்கேயை இலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து, மசித்து, மறுபடி ஆவியில் வைக்க வேண்டும். அதற்கெல்லாம் எங்கே நேரம்? அம்மா வந்து பசியோடு உட்கார்ந்திருப்பாளே! நகிட்டோ சட்டியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி சட்டியைப் பார்த்தாள்.

"துண்டு துண்டா நறுக்கு!" என்றாள். "கடலைப் பொடி, வெங்காயம், தக்காளி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வேக வச்சிடலாம்."

"அது கடோகோ ஆச்சே! காலைல தின்கிறதுதானே?"

"வயித்துக்கு மணி பார்க்கத் தெரியாது. நறுக்குடா!"

சட்டி கொதிக்கத் தொடங்கியது. நகிட்டோ மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "இப்படித் திறந்துகிட்டே இருந்தா எப்படி வேகும்?" என்றான் லுக்வாகோ. காய் வெந்து மஞ்சளாக மாறிய நேரம், சாலையில் ஹாரன் அடித்தது.

அம்மா இறங்கினாள். துணிப்பொதிக்குள் பாப்பா. கூடவே அப்பாவும் அத்தையும். பிள்ளைகள் மண்டியிட்டு வணக்கம் சொல்லி எழுவதற்குள் அத்தை சட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? பிள்ளை பெத்து வந்தவளுக்கு மத்தியானத்துல கடோகோவா? ஊரு சிரிக்கும்!"

நகிட்டோ அம்மாவுக்குப் பரிமாறினாள்.

அதற்குள் அப்பா மற்ற குலையைப் பார்த்துவிட்டார். "சாற்று வாழையை வெட்டினது யாரு?"

"நான்தான்ப்பா வெட்டினேன்," என்றாள் நகிட்டோ. "பாப்பாவைப் பார்க்க ஊரே வரும்ல? மிச்சக் காயைப் பழுக்க வச்சா சாறு பிழிஞ்சு கொடுக்கலாம்."

லுக்வாகோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா மேல தப்பில்ல! நார் கட்டினது நான்!" என்று பந்தை நீட்டினான்.

அப்பா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் நாரும் இதுக்குள்ளதான் இருக்கா? நல்லா இறுக்கமாத்தான் சுத்தியிருக்க, திருட்டுப் பயலே!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா எதையும் கவனிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இப்பதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு, கண்ணு."

நகிட்டோ கரண்டியை எடுப்பதற்குள் வேறொரு தட்டு முன்னால் நீண்டது. "எனக்கும் கொஞ்சம் போடு. ருசி மட்டும் பார்க்கிறேன்," என்றாள் அத்தை.

இருவருக்கும் போட்டுவிட்டு, பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து முதல்முறையாக நகிட்டோ உட்கார்ந்தாள்.