கடைசி விளக்கில் ஒரு கை

பொழுது சாய்ந்து, மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தப் பழைய வீட்டின் கேட்டைத் தள்ளிக்கொண்டு எலக்ட்ரீஷியன் உள்ளே போனபோது ஈரப்புல் வாசனை மூக்கில் ஏறியது. புதிதாகக் குடிவந்திருந்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தோட்டத்து லைட்டப் போட்டாலே டிரிப்பர் விழுந்துடுதுங்க. பேசாம டைரக்டா குடுத்துடுங்களேன்."

"எங்க வீட்ல நானே அப்படித்தாம்மா குடுத்து வச்சிருக்கேன். ஒவ்வொரு மழைக்கும் எவன் எழுந்துபோய் தூக்கிவிடுறது?" என்று சிரித்தார் அவர். ஷாக் அடித்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் அந்த டிரிப்பரை ஊரெல்லாம் மாட்டிவிடுபவர்; ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ரகம்.

விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். சுவரோரம் இருந்த கடைசி விளக்கை மாட்டியபோது மட்டும், டக் என்று டிரிப்பர் விழுந்தது. திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹோல்டரை மாற்றினார், வயரை மாற்றினார், டிரிப்பரையே புதிதாகப் போட்டார்.

டக்.

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மின்சாரம் எங்கேயோ மண்ணில் இறங்குகிறது. ஒன்று, வயரில் ஈரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது வெறுங்காலோடு நின்று விளக்கைத் தொட வேண்டும். அங்கே யாரும் இல்லை.

"சனியன், ஒரு நிமிஷம் எரியட்டும், பார்த்துடலாம்" என்று டிரிப்பரைத் தாண்டி ஒரு வயரைக் கொடுத்தார்.

எல்லா விளக்குகளும் எரிந்தன.

கடைசி விளக்குக்கம்பம் மட்டும் மெல்ல உதறிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை. முடி கருகும் வாடை வந்தது.

அந்த அம்மாவின் சின்ன மகள் வெறுங்காலோடு புல்லில் ஓடிக்கொண்டிருந்தாள், அந்தக் கம்பத்தை நோக்கிக் கையை நீட்டியபடி.

அவர் மெயினை அடித்து இறக்கினார். இருட்டில் தட்டுத்தடுமாறி ஓடிப்போய்க் குழந்தையை அள்ளினார்.

"அந்த அக்காவால கைய எடுக்க முடியலையாம் மாமா" என்று கிசுகிசுத்தாள் குழந்தை. "பிடிச்சு இழுன்னு அழறா."

தாய் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். "முன்னாடி குடியிருந்தவங்க பொண்ணு... அந்த விளக்குலதான் ஷாக்கடிச்சுப் போச்சாம், பக்கத்து வீட்ல சொன்னப்ப நான் நம்பல. அப்புறம்தான் டிரிப்பரே வச்சாங்களாம். கும்பிடுறேன், அத எங்கயாவது கொண்டு போயிடுங்க!"

தான் கொடுத்திருந்த வயரை எலக்ட்ரீஷியன் பிடுங்கி எறிந்தார். தோட்டத்து லைனை வெட்டினார். கடைசி விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினார். போனதும் முதல் வேலையாக நம் வீட்டு டிரிப்பரைச் சரிசெய்ய வேண்டும், புள்ளகுட்டி இருக்கிற வீடு என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழையும்போது மறுபடி தூறல் போட்டது. பையைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு, டிரிப்பரைச் சரிசெய்யச் சாமான் எடுக்க வாசலறைக்கு வந்தார்.

முடி கருகும் வாடை.

"என்னங்க, என்னமோ தீயுது" என்றாள் மனைவி. "பையன் உங்களோடயா இருக்கான்?"

கொல்லை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மகனின் குரல் கேட்டது.

"அப்பா, இந்த அக்காவால கைய எடுக்க முடியலையாம். நான் இழுத்துவிடட்டா?"

"தொடாதடா!"

மெயின் போர்டை நோக்கிப் பாய்ந்தார். பாயும்போதே அவர் காது அந்த ஒரு சத்தத்துக்காகத் தவித்தது.

டக் என்று எதுவும் விழவில்லை.