முகவரி மாறிய பிறகும்

மாலை நான்கு மணிக்கு மூத்தவள் வீட்டின் இணைய முகவரி மாறியது. இணைப்பு கொடுக்கும் கம்பெனி வாரத்தில் இரண்டு மூன்று தடவை அந்த எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். ஒவ்வொரு தடவையும் சாமான் அறை அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும் அவளுடைய சின்னக் கணினி, புது எண்ணைத் தெரிந்துகொண்டு, தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான கணினிகளின் பொதுப் பட்டியலில் சேர்த்துவிடும். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை யாருக்கும் இந்த வீடு தெரியாது.

நான்கு மணி ஒரு நிமிடத்துக்கே யாரோ வந்திருந்தார்கள்.

கணினித் திரையில், புது இணைப்பைக் காட்டும் ஒரே ஒரு வரி. எங்கிருந்து என்ற கட்டம் மட்டும் காலி.

ஒளிந்து வாழ்பவர்களின் செய்திகளைத் தடம் தெரியாமல் கைமாற்றி விடுவதுதான் அந்தக் கணினியின் வேலை. கட்டியவனின் அடி தாங்காமல் சின்னவள் ஓடி ஒளிந்திருந்த இரண்டு வருடமும், அவள் கடிதங்கள் முகம் தெரியாதவர்களின் கணினிகள் வழியாகத்தான் அக்காவுக்கு வந்தன. அந்த நன்றிக்காக மூத்தவள் தன் பங்குக்கு ஒன்றை ஓடவிட்டிருந்தாள். போன மாதம் அவன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிணவறையில் துணியை விலக்கிப் பார்த்து, இவன்தான் என்று சொன்னவள் மூத்தவளே. அதற்கப்புறம்தான் தங்கை இங்கே வந்து சேர்ந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் சூடான தூசியின் வாசனையும், கணினியின் விசிறி ஒரே சீராக முனகும் சத்தமும், கதவிடுக்கில் விழுந்த கூடத்து வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வேறு எண் வந்தது. நாற்பது நொடியில் அதே வரி. மறுபடி அணைத்தாள். பத்து நொடி.

உள்ளறையிலிருந்து சின்னவள் குரல் கொடுத்தாள். "அக்கா, ரொம்ப நேரமா நெட்டே வரலியே?"

"கம்பெனிக்காரன் ஏதோ நோண்டறான்டி. கொஞ்சம் பொறு."

"யாருக்கா வந்திருக்கறது?"

மூத்தவள் திரையைப் பார்த்தாள். "யாரு வரப் போறா? மழைச் சத்தம்டி."

கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவன் நிதானமாகப் பார்த்துச் சொன்னான். "மேடம், நாலு மணியிலேருந்து உங்க லைனே டெட். நாங்க எந்த நம்பரும் குடுக்கலியே."

"இங்க நம்பர் வருதே சார். மூணு தடவை மாறிடுச்சு."

"வர வாய்ப்பே இல்ல மேடம்."

அவள் கேபிளை உருவினாள். வரி வந்தது. ரவுட்டரைப் பிடுங்கினாள். வந்தது. கணினியின் ஒயரை வெடுக்கென்று இழுத்தாள்.

திரை இருண்டது. விசிறி நின்றது.

இப்போது எந்த முகவரியும் இல்லை. மூச்சு விட்டாள்.

அப்போதுதான் கேட்டது. தங்கையின் குரல். கெஞ்சுகிற மாதிரி, அடித்தொண்டையில்.

"ஆமா... பச்சைக் கதவு. ரெண்டாவது மாடி. அக்கா வீடுதான்."

கூடத்தைத் தாண்டினாள். சின்னவளின் போன் கூடத்து மேசைமேல் கிடந்தது. அணைந்து போய்.

கதவைத் தள்ளினாள்.

சின்னவள் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றுமில்லை. கன்னம் நனைந்திருந்தது. அறையில் பிணவறை நெடி. அவள் தோளில் சட்டைத் துணி, விரல்கள் அழுத்தினாற்போல் ஐந்து இடத்தில் குழிந்திருந்தது. ஆழமாக. மெல்ல, ஒரு குழி மட்டும் கழுத்தை நோக்கி நகர்ந்தது.